502, 504: நெருங்கிய எண்கள், எதிரெதிர் தேடல்கள்

கோவையில் மதுக்கரையிலிருந்து குறிச்சி சிட்கோ வரைக்கும் பட்டறைகளில் பில் புத்தகம் குறைந்துகொண்டே வருகிறது. பம்ப் உதிரி செய்பவரும் வார்ப்படம் ஊற்றுபவரும் பிரவுசரைத் திறந்து பில் போடுகிறார்கள். மென்பொருளை எழுதியவர் பீளமேட்டிலோ சரவணம்பட்டியிலோ இருப்பார். அது ஓடும் சர்வர், அமேசானின் கிளவுட் சேவையான ஏடபிள்யூஎஸ் 2016-இல் மும்பையில் திறந்த தரவு மையங்களில் வாடகைக்கு எடுத்ததாக இருக்கலாம். புதிய பதிப்பை ஏற்றிய கொஞ்ச நேரத்தில் போன் வரும்: “ஏனுங்க, பில்லு போட முடியலீங்களே. என்னமோ நம்பர் காட்டுதுங்க.” அது எந்த நம்பர் என்று திருப்பிக் கேட்பவர் குறைவு. “ரீஸ்டார்ட் பண்ணிப் பார்க்கிறேனுங்க” என்பதுதான் வழக்கமான பதில்.

கேட்க வேண்டும். 502 என்றால் ஒரு தேடல், 504 என்றால் அதற்கு நேர் எதிரான தேடல். 500 வந்தால் நம் நிரலே வாய் திறந்து ‘எனக்குள் கோளாறு’ என்கிறது. அதன் லாகைத் திறந்தால் எந்தக் கோப்பில் எந்த வரி என்பது வரை கிடைத்துவிடும். 502-ஐயும் 504-ஐயும் சொல்வது பெரும்பாலும் நம் நிரல் அல்ல. பயனருக்கும் நிரலுக்கும் நடுவில் நிற்கும் என்ஜின்எக்ஸோ லோடு பேலன்சரோ சொல்கிறது. பின்னால் இருப்பவர் உருப்படியான பதில் தரவில்லை என்பது 502. குறித்த நேரத்துக்குள் பதிலே வரவில்லை என்பது 504. புதிதாக ஏற்றிய செயலியில் வரும் 502 பெரும்பாலும் நாம் இப்போதுதான் மாற்றிய ஏதோ ஒன்றின் விளைவு. 504-ஓ நாம் எதையும் மாற்றாமல் இருந்தபோதே வளர்ந்துவிட்ட ஏதோ ஒன்றின் விளைவு. விதிவிலக்குகள் உண்டு, கீழே வருகின்றன. ஆனால் தேடத் தொடங்கும் இடத்தை இந்தப் பிரிவினையே தீர்மானிக்கிறது.

502 வந்தால் என்ஜின்எக்ஸின் எரர் லாகில் ஒரு வரியைப் பார்த்தால் போதும். அதில் அடைப்புக்குள் 111 என்ற எண் இருந்தால், தட்டிய போர்ட்டில் யாரும் இல்லை. லினக்ஸ் முகத்தில் அடித்தாற்போல் மறுத்துவிட்டது. 2 என்றால் நாம் குறித்த சாக்கெட் கோப்பே அங்கில்லை. 13 என்றால் அனுமதி இல்லை. ரெட் ஹேட் வகை லினக்ஸில் எஸ்இலினக்ஸ் என்ற காவல் ஏற்பாடு என்ஜின்எக்ஸை வெளியே பேசவிடாமல் தடுப்பது இதற்கு அடிக்கடி காணும் காரணம். இதோடு என்ஜின்எக்ஸின் வேலை முடிந்தது. இனி நிரலின் லாகுக்குப் போக வேண்டும். பலர் இந்த இடத்தில்தான் தடுமாறுகிறார்கள்: என்ஜின்எக்ஸ் அமைப்பையே மணிக்கணக்கில் திருப்பித் திருப்பி எழுதிக்கொண்டிருப்பார்கள், நிரலோ ஏறிய கணத்திலேயே விழுந்து கிடக்கும்.

விழுவதற்கான காரணங்கள் பெரும்பாலும் சலிப்பூட்டுமளவு சாதாரணமானவை. சொந்த லேப்டாப்பில் இருந்த தரவுத்தளக் கடவுச்சொல் சர்வரின் சூழல் மாறிகளில் இல்லை. ஒரு நூலகம் பட்டியலில் விடுபட்டிருக்கிறது. ஹெரோகு போன்ற தளங்கள் எந்தப் போர்ட்டில் கேட்க வேண்டும் என்பதை ‘போர்ட்’ என்ற சூழல் மாறி வழியாகச் சொல்கின்றன. நாமோ 3000 என்று நிரலுக்குள் எழுதிவைத்திருப்போம். அங்கே 60 விநாடிக்குள் அந்தப் போர்ட்டைப் பிடிக்காவிட்டால் செயலியை நிறுத்தியே விடுவார்கள். கன்டெய்னருக்குள் 127.0.0.1-இல் கேட்கும் செயலி தனக்குத்தானே பேசிக்கொண்டிருக்கும். வெளியாருக்கும் கேட்க வேண்டுமென்றால் 0.0.0.0 என்று இருக்க வேண்டும். அதே 127.0.0.1, என்ஜின்எக்ஸும் நிரலும் ஒரே எந்திரத்தில் குடியிருந்தால் மிகச் சரியான விடை. லேப்டாப்பில் ஓடியதே என்ற வாதம் எடுபடாமல் போவது இதனால்தான்.

நினைவகப் பற்றாக்குறை இன்னொரு காரணம். சிக்கனத்துக்காக ஏடபிள்யூஎஸ்ஸில் எடுக்கும் டி3.மைக்ரோ எந்திரத்தில் நினைவகம் 1 ஜிபிதான். இடம் போதாதபோது லினக்ஸ் ஏதாவது ஒரு நிரலைக் கொல்லும், கன்டெய்னரானால் வெளியேறும் எண் 137 என்று பதிவாகும். செத்தவருக்கு லாக் எழுத அவகாசம் இராது. நிரலின் லாக் எந்தப் புலம்பலும் இல்லாமல் பாதியில் அறுந்திருந்தால் கர்னலின் பதிவைப் பார்க்க வேண்டும்.

504-இன் சுபாவம் வேறு: இங்கே குற்றம் தாமதம். இதே மதுக்கரையில், வாளையாறு செல்லும் ரயில் பாதையை யானைகள் கடக்கும் பகுதியில், 2024 பிப்ரவரியில் தமிழக வனத்துறை ஓர் எச்சரிக்கை அமைப்பைத் தொடங்கியது. 12 கோபுரங்களில் வெப்பப்படக் கேமராக்கள், பார்த்ததைச் சொல்ல ஒரு கட்டுப்பாட்டு அறை. ரயில் கடந்த பிறகு வரும் எச்சரிக்கை எவ்வளவு துல்லியமாக இருந்தும் பயனில்லை. நடுவில் நிற்கும் சர்வரும் இப்படி நினைத்தே ஒரு கெடு வைத்திருக்கிறது. என்ஜின்எக்ஸுக்கும் ஏடபிள்யூஎஸ் லோடு பேலன்சருக்கும், நாம் மாற்றாதவரை, அது 60 விநாடி. 61-ஆவது விநாடியில் நிரல் சரியான பதிலோடு வந்தாலும் வாங்கிக்கொள்ள ஆள் இல்லை. லாகில் இப்போது தெரியும் எண் 110. மறுக்கப்பட்டதற்கு 111, காத்திருந்து அலுத்ததற்கு 110. இங்கேயும் நெருங்கிய எண்கள்தான்.

ஏன் தாமதம்? சரக்கிருப்புப் பேரேட்டில் சில ஆயிரம் வரிகள் இருந்தபோது இண்டெக்ஸ் இல்லாத தேடல் கண்ணுக்குத் தெரியவில்லை. வரிகள் பல லட்சமானதும் அதே தேடல் நிமிடக்கணக்கில் இழுக்கிறது. போஸ்ட்கிரஸில் ‘எக்ஸ்ப்ளெய்ன் அனலைஸ்’ போட்டால் அட்டவணை முழுவதையும் தடவித் தேடுவது தெரிந்துவிடும். கோவைப் பட்டறைகளுக்கு இன்னொரு காரணமும் உண்டு. 2023 ஆகஸ்ட் 1 முதல், ஆண்டு விற்றுமுதல் 5 கோடி ரூபாயைத் தாண்டிய நிறுவனங்கள் மற்ற நிறுவனங்களுக்குப் போடும் பில்லை அரசின் இ-இன்வாய்ஸ் தளத்தில் பதிந்து எண் வாங்க வேண்டும். நம் சர்வர் அந்தத் தளத்திடம் கேட்டுவிட்டுக் காத்திருக்கிறது. பைத்தானில் பலரும் பயன்படுத்தும் ‘ரிக்வெஸ்ட்ஸ்’ நூலகத்துக்கு, நாம் கெடு சொல்லாவிட்டால், எத்தனை நேரமானாலும் காத்திருக்கும் பொறுமை உண்டு. மறுமுனை சுணங்கினால், கோரிக்கைகளைக் கவனிக்கும் நம் வொர்க்கர்கள் ஒவ்வொன்றாக அங்கே போய் நின்றுகொள்ளும். கடைசியில் கிடங்கில் வெறும் இருப்பைப் பார்க்க வந்தவருக்கும் 504.

இதற்கு ரீஸ்டார்ட் செய்தால் சரியாகிவிட்டதுபோல் தெரியும். சிக்கியிருந்த இணைப்புகள் அறுகின்றன, வரிசை கலைகிறது. ஜிஎஸ்டி கணக்குத் தாக்கலுக்கான 11-ஆம் தேதியும் 20-ஆம் தேதியும் நெருங்கும்போது மறுபடி வரும். 502-இல் ரீஸ்டார்ட் பலிக்காவிட்டால் உடனே தெரிந்துவிடும், அதனால் ஆபத்து குறைவு. 504-இல் பலித்ததுபோல் நடிக்கிறது. இதைவிட எனக்குப் பிடிக்காத வைத்தியம், கெடுவை 60-லிருந்து 300 ஆக்குவது. பிழை மறையும், தாமதம் அப்படியே இருக்கும், ஒவ்வொரு வொர்க்கரும் ஐந்து மடங்கு நேரம் முடங்கிக் கிடக்கும்.

இனி விதிவிலக்குகள். பைத்தான் செயலிகளை ஓட்டும் கூனிகார்ன், 30 விநாடிக்கு மேல் சத்தமில்லாமல் இருக்கும் வொர்க்கரைத் தானே கொன்றுவிடும். முன்னால் நிற்கும் என்ஜின்எக்ஸின் கெடு 60. முந்திக்கொள்வது 30 என்பதால், தாமதத்தால் வந்த வியாதி 502 என்று முகமூடி போட்டு வருகிறது. கூனிகார்ன் லாகில் ‘வொர்க்கர் டைம்அவுட்’ என்ற வரி இருந்தால் நீங்கள் 504-ஐத்தான் விசாரித்துக்கொண்டிருக்கிறீர்கள். மறுபக்கம், ஏடபிள்யூஎஸ்ஸின் செக்யூரிட்டி குரூப் என்ற தடுப்பில் போர்ட்டைத் திறக்க மறந்தால், அது மறுப்புச் சொல்லாமல் வரும் பாக்கெட்டுகளை விழுங்கிவிடும். லோடு பேலன்சர் 10 விநாடி இணைப்புக்காகக் காத்திருந்துவிட்டு 504 என்கிறது. இது நேற்று நாம் செய்த பிழை. இருக்கிற வகைகளில் மிக எரிச்சலானது எப்போதாவது மட்டும் வரும் 502: நோட் ஜேஎஸ் பல பதிப்புகளாகச் சும்மா இருக்கும் இணைப்பை 5 விநாடியில் மூடிவிடுகிறது, லோடு பேலன்சரோ 60 விநாடி திறந்திருக்கும் என்று நம்பி அதே இணைப்பில் அனுப்புகிறது. நோட் பக்கத்துக் கெடுவை 60-க்கு மேல் வைத்தால் தீர்ந்தது.

மாற்றமா, கூட்டமா என்ற இந்தக் குழப்பம் சிறு நிறுவனங்களுக்கு மட்டும் உரியதல்ல. 2021 ஏப்ரல் 28 மாலை 4 மணிக்கு 18 வயது நிரம்பியவர்களுக்குத் தடுப்பூசிப் பதிவு தொடங்கியபோது கோவின் தளம் திணறியது. வந்த கூட்டம் எல்லார் கண்ணுக்கும் தெரிந்தது, காரணத்தைத் தேடவே வேண்டியிருக்கவில்லை. 2025 நவம்பர் 18 அன்று இந்திய நேரம் மாலை 4.50 வாக்கில், பல இணையதளங்களுக்கு முன்னால் நிற்கும் கிளவுட்ஃபிளேரில் 5-இல் தொடங்கும் பிழைகள் குவிந்தபோது நடந்தது இதற்கு மறுதலை. தரவுத்தள அனுமதிகளில் செய்த ஒரு மாற்றத்தால், போட்களை (தானியங்கி நிரல்களை) கண்டறியும் கோப்பில் வரிகள் இரட்டித்தன. அதைப் படிக்கும் மென்பொருள் 200 அம்சங்களுக்கு மேல் தாங்காது, எனவே விழுந்தது. கோப்பு ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை சில நேரம் நல்லதாகவும் சில நேரம் கெட்டதாகவும் உருவானதால் தளங்கள் எழுந்து எழுந்து விழுந்தன. அதைப் பார்த்த அவர்களுடைய பொறியாளர்கள் முதலில் சந்தேகித்தது வெளியிலிருந்து வரும் தாக்குதலை. முக்கியப் போக்குவரத்து சீரானபோது இரவு 8 மணி. தாங்கள் மாற்றியதன் விளைவை வெளியார் கூட்டம் என்று எடுத்துக்கொண்டதில் போன நேரமும் அதில் சேர்ந்தது.

பட்டறைக்காரருக்கு இந்த வேறுபாட்டால் என்ன? போனில் அவர் அடுத்து கேட்பது “மறுக்கா அனுப்பட்டுங்களா?” என்பதுதான். 111 காட்டும் 502 என்றால் தயங்காமல் அனுப்பலாம்; அந்தப் பில் நிரலைத் தொடவே இல்லை. 504 என்றால் கூடாது. நடுவில் நிற்கும் சர்வர்தான் காத்திருப்பை விட்டுவிட்டது, நிரல் பின்னால் வேலையைத் தொடர்ந்துகொண்டிருக்கலாம், பில் பதிவாகியிருக்கலாம். அதே பில் எண் என்றால் இ-இன்வாய்ஸ் தளம் இரட்டைப் பதிவு என்று திருப்பிவிடும். ஆனால் நம் மென்பொருள் புது எண் போட்டு அனுப்பினால் ஒரே சரக்குக்கு இரண்டு பில்கள். என்ஜின்எக்ஸும் 1.9.13 பதிப்பிலிருந்து, ஒரு சர்வரிடம் கொடுத்துவிட்ட ‘போஸ்ட்’ கோரிக்கையை, நாமாகச் சொல்லாதவரை, அடுத்த சர்வருக்கு மறுபடி அனுப்புவதில்லை. முதலில் பில் பட்டியலைத் திறந்து கடைசி எண்ணைப் பார்க்கச் சொல்ல வேண்டும்.