பாஸ் எங்கே?

வேம்பார் கரையில் நின்று பார்த்தால் எதிரே மன்னார் வளைகுடா. முத்துக்குளித்துறையின் ஏழு பரதவர் ஊர்களில் வடக்கே கடைசி ஊர் இது. 1658-ல் தூத்துக்குடி போர்த்துக்கீசியரிடமிருந்து டச்சுக்காரர் கைக்குப் போனது. கொடி மாறியதே தவிர, ஒரு வழக்கம் மாறவில்லை. கப்பல் விட வேண்டுமா? ஐரோப்பியனிடம் பாஸ் வாங்கு! இல்லாவிட்டால் சரக்கு போச்சு. விவரமான வியாபாரிகள் இரண்டு மூன்று நாட்டு பாஸ்களைப் பெட்டியில் வைத்திருப்பார்கள். எதிரே எந்தக் கொடி தெரிகிறதோ, அதற்குத் தோதான காகிதத்தை நீட்டுவார்கள்.

அப்படி நீட்டிய காகிதம் ஒன்று, லண்டனில் ஒரு வழக்கின் முடிச்சாக ஆனது.

'கெடா மெர்ச்சன்ட்' என்ற கப்பல் வங்காளச் சரக்கோடு சூரத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. சேது பக்கம் ஆழமில்லை. பெரிய கப்பல் வேம்பார் வழியாக வர முடியாது; இலங்கையைச் சுற்றிக் குமரிமுனையைத் தாண்டித்தான் போக வேண்டும். 1698 ஜனவரி இறுதியில், கொச்சிக்கு அருகே வில்லியம் கிட் அதை மடக்கினார். கடற்கொள்ளையரையும் பிரெஞ்சுக் கப்பல்களையும் பிடிக்க இங்கிலாந்து ராஜாவின் உத்தரவு பெற்றிருந்தவர். பிரெஞ்சுக் கொடியை ஏற்றிக்கொண்டு நெருங்கினார். அவர்களும் நம்பி பிரெஞ்சு பாஸைக் காட்டிவிட்டார்கள். 'ஆஹா, எதிரிக் கப்பல்' என்று கிட் எடுத்துக்கொண்டார். விசாரித்தால், சரக்கு ஆர்மீனிய வியாபாரிகளுடையது. கேப்டன் ஓர் ஆங்கிலேயர்!

அவுரங்கசீப்பின் அதிகாரிகள் கொதித்தார்கள். சூரத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியின் பிழைப்பே ஆட்டம் கண்டது. கிட்டுக்குப் பணம் போட்டிருந்த பிரபுக்கள் மெல்ல ஒதுங்கிக்கொண்டார்கள்.

1701 மே மாதம், ஓல்டு பெய்லியில் விசாரணை. அரசுத் தரப்புக்குப் பலமான சாட்சிகள் இரண்டே பேர். மாலுமி ஜோசப் பால்மர், கப்பல் வைத்தியர் ராபர்ட் பிராடின்ஹாம். இருவரும் கிட்டுடன் போனவர்கள்தான். இப்போது அப்ரூவர்கள். கப்பலின் பீரங்கிக்காரன் வில்லியம் மூரை இரும்புப் பட்டை போட்ட வாளியால் கிட் அடித்துக் கொன்றதையும் பால்மர் சொன்னார். அந்தக் கொலைக்கே தூக்கு உறுதி. ஆனால் கிட் மன்றாடியது பாஸுக்காக.

சாட்சியைக் கிட் தானே குறுக்கு விசாரணை செய்தார். பிரெஞ்சு பாஸ்களை நீ பார்க்கவில்லையா என்று கேட்டார். இருப்பதாக நீங்கள் சொல்லிக் கேட்டேன், கண்ணால் பார்க்கவில்லை என்றார் பால்மர். அவ்வளவுதான்! வவுச்சர் இல்லாத கணக்கை எந்த ஆடிட்டர் ஒப்புக்கொள்வார்? பி.காம். படித்த எனக்கு அந்த இடத்தில் வயிற்றைப் பிசைந்தது.

பால்மர் பொய் சொன்னார் என்று நான் சொல்ல மாட்டேன். கேப்டனின் பெட்டியில் இருந்த காகிதத்தைச் சாதாரண மாலுமி எங்கே பார்க்கப் போகிறான்? பதில் சொல்ல வேண்டியவர்கள் வேறு. பாஸ்களைக் கிட் நியூயார்க் கவர்னர் பெல்லோமாண்டிடம் ஒப்படைத்திருந்தார். பெல்லோமாண்டும் பணம் போட்டவர்களில் ஒருவர்தான். அவர் லண்டனுக்கு அனுப்பினார். நாடாளுமன்றத்தின் கைக்குப் போனவை, கோர்ட்டுக்கு மட்டும் வந்து சேரவில்லை.

மே 23-ல் தூக்கு. முதல் கயிறு அறுந்தது, மறுபடி ஏற்றினார்கள். சாட்சிகள் இருவருக்கும் மன்னிப்பு கிடைத்தது.

இருநூறு வருஷம் கழித்து, ரால்ஃப் பெயின் என்ற அமெரிக்க எழுத்தாளர் லண்டன் அரசு ஆவணக் காப்பகத்தைக் குடைந்தார். பாஸ்கள் அங்கேதான் இருந்தன.