கொச்சி தந்த தமிழ் மன்றாட்டு

மட்டாஞ்சேரியின் குறுகிய தெருக்களில் மிளகும் சுக்கும் ஏலமும் கலந்த மணம் வீசுகிறது. போர்த்துக்கீசியர் 1555-ஆம் ஆண்டளவில் எழுப்பிக் கொச்சி மன்னருக்கு அளித்த அரண்மனை அங்கே நிற்கிறது. அதன் அருகே 1568-இல் கட்டப்பெற்ற யூதர் தொழுகைக் கூடம் இருக்கிறது. சற்று அப்பால் கொங்கணி மக்களின் திருமலைக் கோயில் விளங்குகிறது. கோட்டைக் கொச்சியை நோக்கிச் சென்றால், வெளி என்னும் பகுதியில் தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகத் துணி வெளுத்து உலர்த்தும் சலவைத் துறையைக் காணலாம். இத்தனை மொழியினரும் சமயத்தினரும் அண்டை அயலாராய் வாழும் ஊரில், நம் தாய்மொழிக்கும் கிறித்தவ சமயத்திற்கும் நேர்ந்த ஓர் உறவின் வரலாற்றை ஈண்டு நினைவுகூர்வோம். பிற மாநிலங்களில் குடியேறி வாழும் தமிழர்களாகிய நமக்கு அவ்வரலாறு உணர்த்துவது மிகுதி.

இவ்வரலாறு பக்தியில் தொடங்கவில்லை, அச்சத்தில் தொடங்கிற்று. பதினாறாம் நூற்றாண்டின் முற்பகுதியில் முத்துக்குளித்துறை எனப் பெயர்பெற்ற தென்பாண்டிக் கடற்கரையில், முத்துச் சலாபத்தின் உரிமை பற்றிப் பெரும் பூசல் எழுந்தது. பரதவர் பெருமக்கள் நெருக்கடிக்கு உள்ளாயினர். அந்நிலையில் அவர்தம் தலைவர்கள் சிலர், ஜொவாங் த குரூஸ் என்னும் குதிரை வணிகரின் அறிவுரையை ஏற்றுக் கொச்சிக்கு வந்தனர். போர்த்துக்கீசியரின் பாதுகாப்பை நாடினர். இங்கேயே திருமுழுக்கும் பெற்றனர். 1536, 1537 ஆகிய ஆண்டுகளில் கடற்கரை ஊர்களில் ஏறத்தாழ 20,000 பேர் அவர்களைப் பின்பற்றினர் என்று வரலாற்றாசிரியர் கூறுவர்.

எனினும், பெயர் மாறினால் மட்டும் வாழ்வு மாறிவிடுமா? திருமுழுக்குத் தந்தவர்கள் திரும்பிச் சென்றனர். மக்கள் மொழியை அறிந்து அவர்களுக்குச் சமயத்தைக் கற்பிப்பார் எவரும் இலர். 1542-இல் பிரான்சிஸ் சவேரியார் அக்கடற்கரைக்கு வந்தபோது, தாம் கிறித்தவர் என்பதைத் தவிர அம்மக்கள் வேறெதனையும் அறியார் எனக் கண்டு எழுதினார். படகு கவிழ்ந்தாலும், வலை வெறுமையாய்த் திரும்பினாலும், குழந்தை நோயுற்றாலும், அவர்களது நெஞ்சிலிருந்து எழுவதற்கு அச்சமயத்தில் ஒரு சொல்லும் இல்லை. இலத்தீன் மொழி அவர்களது நாவுக்கு எட்டாதது. போர்த்துக்கீசிய மொழியோ அதிகாரத்தின் மொழி.

சவேரியார் செய்த முதற்பணி, இரு மொழியும் அறிந்தாரைக் கூட்டி வைத்து, மன்றாட்டுகளைத் தமிழில் அமைத்ததாகும். அவற்றை அவரே மனப்பாடம் செய்தார். கையில் மணியை ஒலித்துக்கொண்டு தெருத்தெருவாய்ச் சென்று சிறுவரையும் பெரியோரையும் கூட்டினார். நாள்தோறும் இருமுறை கற்பித்தார். விசுவாசப் பிரமாணத்தின் ஒவ்வொரு வாக்கியத்திற்கும் பின், நம்புகிறீர்களா என வினவினார். மக்கள் கைகளை மார்பின்மேல் குறுக்காக வைத்து, நம்புகிறோம் என விடையளித்தனர். இவற்றையெல்லாம் அவர் விரித்துரைத்த மடல், 1544-ஆம் ஆண்டு சனவரித் திங்களில் இதே கொச்சியிலிருந்து உரோமைக்கு எழுதப்பட்டதாகும்.

அம்மடலில் நம் உள்ளத்தைக் கவரும் செய்தி ஒன்றுண்டு. நோயுற்றோர் இல்லங்களுக்கு வருமாறு சவேரியாரை எண்ணிறந்தோர் அழைத்தனர். ஒருவர் எத்தனை இல்லங்களுக்குச் செல்ல இயலும்? ஆதலின் மன்றாட்டுகளைக் கற்ற சிறுவர்களை அவ்வில்லங்களுக்கு அனுப்பினார். சிறுவர்கள் நோயாளியின் படுக்கையருகில் நின்று, வீட்டாரையும் அயலாரையும் கூட்டித் தமிழில் செபித்தனர். தாம் கற்றதைத் தாய் தந்தையர்க்கும் கற்பித்தனர். மருந்து எளிதில் கிடைக்காத அக்காலத்துக் குடிசைகளில், பக்கத்து வீட்டுச் சிறுவனின் குரலில் தாய்மொழியில் எழுந்த அவ்வேண்டுதல் எத்துணை ஆறுதல் அளித்திருக்கும் என்பதை நாம் உய்த்துணரலாம். அதே மடலின் இறுதியில், இம்மையில் மகிழ்ச்சி என ஒன்று உண்டாயின் அது இத்தகைய பணியில் கிட்டுவதே என்னும் பொருள்பட அவர் எழுதினார். வெயிலிலும் மணலிலும் அலைந்து, கிடைத்ததை உண்டு வாழ்ந்தவர் எழுதிய சொற்கள் அவை.

மொழிபெயர்ப்பு எளிய செயலன்று. முதலில் அமைத்த தமிழ் விசுவாசப் பிரமாணத்தில் ஒரு பிழை நேர்ந்திருந்தது. நம்புகிறேன் என வரவேண்டிய இடத்தில், 'எனக்கு வேண்டும்' என்னும் சொற்கள் அமைந்துவிட்டன. 1544-இல் தம் உடன் ஊழியர் மன்சிலாசுக்கு எழுதிய மடலில், அவ்விடத்தில் 'விசுவாசம்' என்னும் சொல்லை வழங்குமாறு சவேரியார் திருத்தம் கூறினார். ஒரு சொல்தானே என நாம் இதனைக் கடந்துவிடுதல் ஆகாது. வேண்டும் என்பது கேட்பவன் சொல். விசுவாசம் என்பது பற்றி நிற்பவன் சொல். பாதுகாப்பு வேண்டும் என்று கொச்சிக்கு வந்த மக்கள், நம்பிக்கையைப் பற்றி நிற்கும் மக்களாக மாறிய வரலாற்றை அவ்வொரு சொல்லின் மாற்றத்திலேயே நாம் காண்கிறோம்.

அம்மாற்றத்திற்குப் பெருந்துணை புரிந்தவர், தமிழ் மக்கள் அண்டிரிக் அடிகளார் என்று அழைக்கும் என்றிக்கு என்றிக்கசு ஆவார். போர்த்துக்கல்லில் பிறந்து, ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் முத்துக்குளித்துறையில் உழைத்து, 1600-இல் மறைந்தவர். தமிழை முறையாகக் கற்று இலக்கணமும் வரைந்தார். அவர் தமிழாக்கிய 'தம்பிரான் வணக்கம்' 1578-இல் கொல்லத்தில் அச்சாயிற்று. பதினாறே பக்கங்கள் கொண்ட அந்நூலே, தமிழ் எழுத்துகளால் இந்திய மண்ணில் அச்சேறி நமக்குக் கிடைத்துள்ள முதல் நூல். அடுத்த ஆண்டு, 1579-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில், 'கிரீசித்தியானி வணக்கம்' என்னும் விரிவான நூல் கொச்சியில் அச்சாயிற்று. அது மார்க்கோசு ஜோர்ஜ் என்பாரின் போர்த்துக்கீசிய நூலைத் தழுவி, ஆசிரியனும் மாணாக்கனும் உரையாடும் வினாவிடை முறையில் அமைந்தது.

கடவுளைக் குறிக்கத் 'தம்பிரான்' என்னும் சொல்லும், சமய நெறியைக் குறிக்க 'வணக்கம்' என்னும் சொல்லும் ஆளப்பட்டமை கருதத்தக்கது. இரண்டும் மக்கள் நாவில் முன்பே வழங்கியவை. அச்சுப்பணிக்கு ஆன பொருளையும் முத்துக்குளித்துறை மக்களே உதவினர் என்பர். கடலில் மூழ்கி மூச்சடக்கி ஈட்டிய செல்வத்தின் ஒரு பகுதி, தமிழ் அச்செழுத்தாக மாறியது என்பது நாம் பெருமை கொள்ளத்தக்க செய்தியன்றோ?

அந்நம்பிக்கையின் வலிமை சோதிக்கப்படும் காலமும் வந்தது. 1658-இல் ஒல்லாந்தர் தூத்துக்குடியைக் கைப்பற்றினர். 1663-இல் கொச்சியும் அவர்கள் கைப்பட்டது. கத்தோலிக்கக் குருமார் வெளியேற்றப்பட்டனர். தம் சீர்திருத்தச் சபையில் சேருமாறு ஒல்லாந்தர் பரதவரை வற்புறுத்தினர். ஒரு நூற்றாண்டுக்கு முன் பாதுகாப்பை நாடிச் சமயம் மாறிய மக்கள், இப்போதும் புதிய ஆட்சியாளரின் சமயத்திற்கு மாறியிருக்கலாம். அவ்வாறு செய்திருப்பின் ஆதாயமும் இருந்திருக்கும். ஆயினும் அவர்கள் மாறவில்லை. குருமார் இல்லாத வேளையிலும் வீட்டிலே சொல்லக்கூடிய மன்றாட்டு அவர்களிடம் இருந்தது. அது அவர்களது மொழியில் இருந்தது.

இனி, மட்டாஞ்சேரியில் நிகழ்ந்த மற்றொரு நிகழ்ச்சியைக் காண்போம். கேரளத்தில் புனித தோமையாரின் வழியினர் எனத் தம்மைக் கூறிக்கொள்ளும் பழங்கிறித்தவர்கள், போர்த்துக்கீசியர் வருகைக்குப் பல நூற்றாண்டுகள் முன்பிருந்தே வாழ்ந்தவர்கள். சிரியாக் மொழியில் வழிபட்டு, கீழைநாட்டு ஆயர்களை ஏற்று, தம் பெரியோர் அவையினால் சபைக் காரியங்களை நடத்தி வந்தனர். 1599-இல் உதயம்பேரூரில் கோவாப் பேராயர் மெனேசிசு கூட்டிய சங்கம், அவர்தம் பழைய முறைகள் பலவற்றை மாற்றிற்று. சிரியாக் நூல்கள் பல திருத்தப்பட்டன, சில நெருப்பிலிடப்பட்டன. அரை நூற்றாண்டுக் காலம் மனக்குறை புகைந்துகொண்டிருந்தது.

1652-இல் அகத்தல்லா என்னும் கீழைநாட்டு ஆயர் மயிலாப்பூருக்கு வந்து சேர்ந்தார். அவர் அங்கே காவலில் வைக்கப்பட்டுப் பின்னர்க் கப்பலில் கோவாவிற்கு அனுப்பப்பட்டார். கப்பல் கொச்சியை அடைந்தபோது மக்கள் திரண்டனர். அவரை ஒருமுறை காணவேனும் வேண்டினர். இசைவு கிட்டவில்லை. அவர் கடலில் மூழ்கடிக்கப்பட்டார் என்னும் வதந்தி பரவியது. உண்மையில் அவர் கோவாவிற்கும், அங்கிருந்து ஐரோப்பாவிற்கும் கொண்டு செல்லப்பட்டார் என வரலாற்று ஆய்வாளர் பின்னர்க் கண்டறிந்தனர். ஆனால் துயருற்ற மக்கள் அதனை அறியார். 1653-ஆம் ஆண்டு சனவரி 3-ஆம் நாள் மட்டாஞ்சேரியில், கற்சிலுவை ஒன்றில் கயிறுகளைக் கட்டி, அவற்றைப் பற்றிக்கொண்டு, இனி இயேசு சபைப் பாதிரிமாருக்குக் கீழ்ப்படியோம் எனச் சூளுரைத்தனர். கயிறுகளின் இழுப்பால் சிலுவை வளைந்தது என்பது மரபுரை. 'கூனன் குருசுச் சத்தியம்' என்னும் பெயர் அதனால் வந்தது. அந்நினைவைத் தாங்கிய கோயில் மட்டாஞ்சேரியில் இன்றும் உள்ளது. அச்சமூகம் பல கிளைகளாகப் பிரிவதற்கு அந்நாளே தொடக்கமாயிற்று என்பதும் வருத்தத்திற்குரிய உண்மை.

இவ்விரு நிகழ்ச்சிகளையும் ஒருங்கு வைத்து நோக்குவோம். தமிழ் நூலைக் கொச்சியில் அச்சிட்டவர்கள் இயேசு சபையார். எழுபத்து நான்கு ஆண்டுகள் கழிந்து மட்டாஞ்சேரி மக்கள் எதிர்த்ததும் இயேசு சபையாரையே. ஒரே சபை, நடந்து செல்லும் தொலைவில் அமைந்த இரண்டு இடங்கள். ஆயின் விளைவு முற்றிலும் வேறு. மக்களின் மொழியைக் கற்று, அவர்கள் சொல்லிலேயே கடவுளை அழைத்த இடத்தில் நம்பிக்கை வேரூன்றியது. மக்களின் வழிபாட்டு மரபைத் திருத்த முற்பட்ட இடத்தில் கயிறு இறுகியது. எனினும் சூளுரைத்தோர் கிறித்துவைத் துறக்கவில்லை என்பதை மறத்தலாகாது. அவர்கள் பற்றிய கயிறு சிலுவையில் அன்றோ கட்டப்பட்டிருந்தது?

நாள்தோறும் வாழ்வில் வலிமையும் மகிழ்ச்சியும் பெறுவதற்குச் சமயம் துணையாகிறது என்பதைச் சான்றோர் பலரும் கூறுவர். அத்துணை எவ்வாறு கிட்டுகிறது என்பதைக் கொச்சி வரலாறு காட்டுகிறது. பேராலயங்களின் உயரத்தினால் அது கிட்டவில்லை. கடலுக்குச் செல்லுமுன் சொல்லும் நான்கு வரிகளாலும், நோயாளியின் அருகே ஒரு சிறுவன் எழுப்பிய குரலாலும், விளக்கு வைக்கும் வேளையில் வீட்டார் அனைவரும் கூடி அமர்ந்ததாலும் அது கிட்டியது. இவ்வுண்மை கிறித்தவர்க்கு மட்டும் உரியதன்று. தேவாரமோ திருவாய்மொழியோ ஓதும் இல்லத்தார்க்கும் பொருந்தும்.

அன்றைய கடற்கரையில் சிறுவர்கள் பெற்றோருக்குத் தமிழ் மன்றாட்டைக் கற்பித்தனர். பிற மாநிலங்களில் வாழும் நம் இல்லங்களிலோ நிலைமை தலைகீழாக உள்ளது. பிள்ளைகள் பள்ளியில் வேறு மொழி பயில்கின்றனர். தெருவில் மற்றொரு மொழி பேசுகின்றனர். அது குற்றமன்று, வாழும் ஊரின் மொழியை அறிதல் கடமையே. ஆனால் துன்பம் வந்துற்ற பொழுதில் உள்ளம் தானாக நாடும் சொற்கள் சிலவற்றை அவர்களுக்கு நாம் தந்துவிட்டோமா? பெற்றோர் தாமே நாளும் கால் மணி நேரம் அமர்ந்து கற்பித்தாலன்றி அவை வாரா. 1579-இல் கொச்சியில் அச்சேறிய அச்சிறு நூல் ஆசிரியனும் மாணாக்கனும் உரையாடுவதாக அமைந்ததன் நோக்கமும் அதுவே: ஒருவர் வினவ, மற்றவர் விடைகூற, நம்பிக்கை ஒரு தலைமுறையிலிருந்து அடுத்த தலைமுறைக்குத் தாய்மொழியில் சென்று சேர்தல் வேண்டும். அந்த ஆசிரியனின் இருக்கையில் இன்று நாம் அமர்வோமாக.