மீனாட்சி கையில் உள்ள கிளியைக் கடையில் வாங்க முடியுமா?

மதுரையில் வண்ண மீனும் பறவையும் விற்கிற கடைகள் உள்ள தெருவுக்குள் போனால், கூண்டுகளில் லவ் பேர்ட்ஸ் கத்திக்கிட்டே இருக்கும். தொட்டிகளில் கப்பி, மோலி, கோல்டு பிஷ். வரிசையாக பாட்டில்கள், பாட்டிலுக்கு ஒரு பைட்டர். இதுல பெரும்பாலும் நம்ம ஊர் உயிரே கிடையாது, கவனிச்சிருக்கீங்களா?

நாம் லவ் பேர்ட்ஸ் என்று கேட்டு வாங்குவது பெரும்பாலும் ஆஸ்திரேலியாவின் பட்ஜெரிகர். 1840-இல் ஜான் கூல்ட் அதை உயிரோடு இங்கிலாந்துக்குக் கொண்டுபோன பிறகுதான் உலகமெல்லாம் பரவியது. கோல்டு பிஷ் சீனத்துக் குளங்களில் உருவானது. தென் அமெரிக்காவின் கப்பி, கொசுப்புழுவைத் தின்னும் என்பதால் மலேரியா ஒழிப்புக்காக இங்கே கொண்டுவரப்பட்டது. பைட்டர் தாய்லாந்துப் பக்கத்து மீன். இரண்டு ஆண் மீன்களைச் சேர்த்து விட்டால் கடித்துக் குதறிவிடும். காற்றை நேரடியாகச் சுவாசிக்கும் உறுப்பு அதற்கு உண்டு. அதனால்தான் பாட்டில் தண்ணீரிலும் தாக்குப்பிடிக்கிறது.

இத்தனைக்கும் இது மீனைச் சின்னமாக வைத்த பாண்டியர் ஊர். ஆனால் பொற்றாமரைக் குளத்தில் மீன் கிடையாது என்பார்கள். நாரைக்கு முத்தி கொடுத்த திருவிளையாடலில், குளத்தில் மீன் இருக்கக் கூடாதென்று நாரை வரம் கேட்டதாகக் கதை. மீனுக்கு இடமில்லாத கோயிலில் கிளிக்குத் தனி மண்டபமே உண்டு. அம்மன் சன்னதிக்கு முன்னால் உள்ள கிளிக்கூட்டு மண்டபத்தில் கூண்டுகளில் கிளி வளர்த்து, 'மீனாட்சி' என்று சொல்லப் பழக்கியிருந்தார்கள். இன்று பெயர் இருக்கு, கிளி இல்லை.

கடையிலும் பச்சைக்கிளியை விற்கக் கூடாது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் 1991-இல் வந்த திருத்தமும் அதைப் பிடிப்பதையும் விற்பதையும் தடுத்துவிட்டன. காரணம் எளிமையானது. லவ் பேர்ட்ஸ் கூண்டில் கட்டிய மண்கலயத்திலேயே முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கும். பச்சைக்கிளி வியாபாரமோ மரப்பொந்தில் கைவிட்டுக் குஞ்சை எடுத்து நடந்தது. ஒரு குஞ்சு உயிரோடு கடைக்கு வருவதற்குள் வழியில் எத்தனை செத்தது என்று யார் கணக்கு வைத்தார்கள்?

இதில் அடி வாங்கியது கிளி ஜோசியர். 2024 மக்களவைத் தேர்தலில், கடலூர் பக்கம் வேட்பாளர் ஒருவருக்குச் சீட்டு எடுத்துக் கொடுத்த ஜோசியரை வனத்துறை பிடித்தது. கிளிகள் பறிமுதல், அவருக்கு எச்சரிக்கை. கிளியைக் காக்கும் சட்டம் சரிதான். ஆனால் கூண்டோடு கோயில் வாசலில் உட்கார்ந்தே வயதானவர் அடுத்து என்ன செய்வார் என்பதற்கு அந்தச் சட்டத்தில் ஒரு வரி கிடையாது.

இன்றும் எங்காவது ஒரு கடைக்காரர், 'நாட்டுக்கிளி வேணுமா சார், உள்ள இருக்கு' என்று மெதுவாகக் கேட்டால், அந்தக் கிளி எந்த மரப்பொந்திலிருந்து வந்தது என்று திருப்பிக் கேளுங்கள். பதில் வராது.