சிங்கப்பூரில் நிழலும் சட்டமும்

பூமத்திய ரேகைக்குச் சற்று வடக்கே, கடல் சூழ்ந்து கிடக்கும் நகரம் சிங்கப்பூர். வெப்பமும் ஈரமும் ஆண்டு முழுவதும் அதனைவிட்டு நீங்குவதில்லை. அங்கே கட்டடம் எழுப்புவோர் வெயிலை மறந்து எழுப்புதல் இயலாது. மறந்தவர்களுக்கு அதனை நினைவூட்ட அரசு இருமுறை சட்டம் செய்தது.

1819 ஆம் ஆண்டிலே ஸ்ராம்போட் றாபிள்ஸ் அங்கு வாணிகத் தலம் நிறுவியபோது, அவரோடு பினாங்கிலிருந்து வந்தவர் நாராயண பிள்ளை என்னும் தமிழர். புதிய நகருக்குச் செங்கல் அறுத்துக் கொடுக்க முதற் சூளையை அமைத்தவர் அவரே. 1822 இல் றாபிள்ஸ் வகுத்த நகரமைப்பு விதிகளிலே, வீதியோர வீடு ஒவ்வொன்றும் முன்புறத்தே விறாந்தை உடையதாய், எவரும் நடந்து செல்லத் திறந்ததாய் இருத்தல் வேண்டும் என்பதும் ஒன்று. ‘ஐந்தடி’ என மக்கள் வழங்கும் நடைபாதை இவ்வாறு பிறந்தது. வணிகரோ அந்நிழலிலே தம் பண்டங்களைப் பரப்பினர். 1888 இல் நகராட்சி அவற்றை அகற்ற முற்பட்டபோது கலகம் மூண்டது. நிழலுக்கும் விலையுண்டு என்பதை நகரம் அன்றே கண்டது.

1965 இல் சிங்கப்பூர் தனிநாடாயிற்று. ஐந்தடியும் அகன்ற இறவாரமும் இருந்த இடங்களிலே கண்ணாடி போர்த்த மாடங்கள் உயர்ந்தன. உள்ளே புகுந்த வெப்பத்தைக் குளிரூட்டும் பொறிகள் வெளியேற்றின. அப்பொறிகளுக்கு மின்சாரம் வேண்டும். மின்சாரத்திற்கு எண்ணெய் வேண்டும். எண்ணெயோ கப்பலில் வரவேண்டும். 1973 ஒக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெய் விநியோகத்தைக் கட்டுப்படுத்தின. சில திங்களுக்குள் அதன் விலை ஏறக்குறைய நான்கு மடங்காயிற்று. யன்னலின் அகலம் அப்போதுதான் நாட்டின் பொருளாதாரத்தைத் தொடும் செய்தியாயிற்று.

1979 இல் வந்த விதி, குளிரூட்டப்பட்ட கட்டடத்தின் புறச்சுவர் வழியே புகும் வெப்பம், சராசரியாகச் சதுர மீற்றருக்கு 45 வாற்றைத் தாண்டலாகாது என்றது. கண்ணாடியை அது தடைசெய்யவில்லை. வெப்பத்திற்குக் கணக்குக் காட்டுமாறு கேட்டது. ஆயினும், வெயில் கண்ணாடியினூடே கொண்டுவரும் சுமையை அக்கணக்கு உள்ளவாறு காட்டவில்லை என்பது பின்னர் தெளிவாயிற்று. 2004 இல் சூத்திரம் திருத்தப்பட்டு, எல்லை 50 வாற்று ஆயிற்று. எண் உயர்ந்தமையால் விதி தளர்ந்தது என்று கொள்ளலாகாது, அளவுகோலே மாறிவிட்டது.

புதிய சூத்திரம் மூன்று வழிகளை எண்ணுகிறது. சுவரைக் கடந்து வரும் வெப்பத்திற்கு 12, கண்ணாடியைக் கடந்து வருவதற்கு 3.4, கண்ணாடியினூடே நேரே புகும் வெயிலுக்கு 211 என்பன அவற்றின் பெருக்கெண்கள். இவற்றோடு பரப்பின் விகிதமும் பொருளின் இயல்பும் பெருக்கிக் கூட்டப்படும். சுவரும் கண்ணாடியும் சரிபாதியாய் அமைந்த முகப்பு ஒன்றை எடுத்துக்கொண்டால், கண்ணாடி சாதாரணக் கண்ணாடி விடும் வெயிலிற் பாதியையே விடுவதாயினும், கூட்டுத்தொகை 70 வாற்றைத் தாண்டிவிடலாம். அதே முகப்பின் வெளியே சாய்ப்போ தட்டியோ அமைத்து, புகும் வெயிலை மேலும் பாதியாகக் குறைத்தால், தொகை 50 இற்குள் அடங்கும். சுவரைத் தடிப்பாக்குவதிலும் யன்னலுக்கு நிழலிடுவதே பெரும்பயன் தருமென்பதை 211 என்னும் எண்ணே உணர்த்துகிறது. மேற்கு முகத்திற்கு வெயிற் சுமை மிகுதி. வடக்கிற்கும் தெற்கிற்கும் குறைவு. கட்டடம் முழுவதற்கும் சராசரியே கொள்ளப்படுவதால், ஒரு பக்கத்துக் குறையை மறுபக்கம் ஈடுசெய்யலாம்.

2008 இல், 2,000 சதுர மீற்றரும் அதற்கு மேலும் தளப்பரப்புள்ள புதிய கட்டடங்கள் குறித்த பசுமைத் தரத்தை அடைதல் கட்டாயமாக்கப்பட்டது.

சாய்ப்பு அமைப்பதற்குக் கட்டுபவர் ஒருமுறை செலவிடுகிறார். அது இல்லாத கட்டடத்திலே குடியிருப்பவரோ திங்கள்தோறும் மின்கட்டணமாகச் செலுத்துகிறார். விற்றபின் விலகிச் செல்பவருக்கும் இருந்து அனுபவிப்பவருக்கும் இடையே சட்டம் நிற்பதன் நியாயம் இதுவே. 1822 இல் வீதியிலே நடப்பவனுக்காக விதிக்கப்பட்ட நிழல், 1979 இல் கட்டடத்தினுள் இருப்பவனுக்காகவும் விதிக்கப்பட்டது.