திறந்தவெளி அருங்காட்சியகமும் தொழிற்சொற்களும்

திறந்தவெளி அருங்காட்சியகம் என்னும் அமைப்பைத் தோற்றுவித்தவர் ஒரு மொழியறிஞர் என்பது மொழியியலாளர் கருத்திற் கொள்ளத்தக்கது. சுவீடன் நாட்டு ஆர்த்தூர் ஹசேலியஸ் (1833-1901) உப்சாலாப் பல்கலைக்கழகத்தில் வட ஐரோப்பிய மொழிகளைப் பயின்று மொழியாசிரியராகப் பணியாற்றியவர். 1869இல் ஸ்டாக்ஹோமில் நடந்த எழுத்துச் சீர்திருத்த மாநாட்டில் பங்குகொண்டு, சுவீடிய எழுத்துக்கூட்டல் பற்றி நூலும் எழுதியவர். 1872இல் டாலர்னா வட்டாரத்தில் பயணம் செய்தபோது, சிற்றூர் மக்களின் உடைகளும் கருவிகளும் மறைந்துவருவதைக் கண்டு அவற்றைத் திரட்டத் தொடங்கினார். தொடக்கத்தில் உருவப் பொம்மைகளுக்கு மரபுடை அணிவித்துக் காட்சிக்கு வைத்தார். 1891 அக்டோபர் 11இல் திறக்கப்பட்ட ஸ்கான்செனிலோ, பல பகுதிகளிலிருந்து பெயர்த்துக் கொணரப்பட்ட வீடுகளில் உயிருள்ள மனிதர்களே இடம்பெற்றனர். கையின் இயக்கம், வாயின் சொல் ஆகிய இரண்டையும் பொம்மைகளால் காட்ட இயலாது.

தொழில் செய்வோரைக் காட்சிப்படுத்தும் வழக்கம் ஸ்கான்செனுக்கு முன்பே பொருட்காட்சிகளில் இருந்தது. 1886இல் இலண்டனில் நடந்த குடியேற்ற நாடுகள், இந்தியப் பொருட்காட்சியில் இந்தியக் கைவினைஞர் பார்வையாளர் முன்னிலையில் நெய்தனர், மண்பாண்டம் வனைந்தனர். வழிவழி வந்த தொழிலாளராக மக்கள்முன் நிறுத்தப்பட்ட அவர்களுள் பலர், உண்மையில் ஆக்ரா சிறையிலிருந்து அழைத்துச் செல்லப்பட்டவர்கள். தொழிலைச் சிறையிலேயே கற்றவர்கள். தம்மைப் பற்றித் தாமே கூறும் வாய்ப்பு அவர்களுக்கு அளிக்கப்படவில்லை. அவர்கள் கைகள் காட்டப்பட்டன. அவர்களுக்காகப் பிறர் பேசினர்.

இதற்கு ஓராண்டுக்கு முன், 1885இல், ஜார்ஜ் கிரியர்சன் வெளியிட்ட 'பீகார் உழவர் வாழ்க்கை' என்னும் நூல் வேறொரு வழியைக் காட்டியது. ஏர், வண்டி, தறி, சூளை முதலியவற்றையும் அவற்றின் உறுப்புகளையும் மக்கள் வழங்கும் பெயர்களுடன் அது பதிவுசெய்தது. ஒரே பொருளுக்கு வட்டாரந்தோறும் வழங்கும் வேறுபட்ட பெயர்களும் அதில் இடம்பெற்றன. பொருட்காட்சி கையைச் சொல்லினின்று பிரித்துக் காட்டிற்று. நூல் சொல்லைத் தொகுத்ததாயினும் கையின் இயக்கத்தைக் காட்ட அதனால் இயலவில்லை. இவ்விரண்டையும் ஒன்றுசேர்க்கும் வாய்ப்பு திறந்தவெளி அருங்காட்சியகத்திற்கே உண்டு எனலாம்.

தில்லிக் கைவினை அருங்காட்சியகத்தின் சிற்றூர்ப் பகுதி, 1972இல் பிரகதி மைதானத்தில் நடந்த ஆசிய வணிகப் பொருட்காட்சிக்காக அமைக்கப்பட்டது. பல மாநிலங்களின் குடிசைகளும் வீடுகளும் அங்கு நிலைபெற்றன. கைவினைஞர் குறிப்பிட்ட காலத்திற்கு அழைக்கப்பட்டு, தொழில் செய்துகாட்டி, தம் பொருள்களைத் தாமே விற்றுச் செல்லும் முறையும் ஏற்பட்டது. மிதிலை ஓவியர் கங்காதேவி அங்குள்ள சுவர்களில் மணவறை ஓவியங்களைத் தீட்டினார், 1991இல் மறைந்தார். அவ்வோவியங்கள் 2015ஆம் ஆண்டளவில் நடைபெற்ற புதுப்பிப்புப் பணியில் அழிந்துபட்டன. அருங்காட்சியகத்தில் வைக்கப்படுவதனாலேயே ஒரு பொருள் காக்கப்பட்டுவிடாது என்பதற்கு இது சான்று.

சென்னைக்கு அருகே முட்டுக்காட்டில் 1996இல் திறக்கப்பட்ட தட்சிணசித்ராவில், தென்னாட்டு வீடுகளினிடையே நெசவும் குயத்தொழிலும் செய்துகாட்டப்படுகின்றன. இத்தகைய இடங்களில் மொழிபெயர்ப்பாளர் எதிர்கொள்ளும் சிக்கலுக்குக் காஞ்சிபுரம் நெசவுச் சொற்கள் இரண்டைச் சான்று காட்டலாம். உடலும் கரையும் வெவ்வேறு நிற ஊடைகளால் நெய்யப்பட்டு, ஒன்றோடொன்று கோத்து இணைக்கப்படுவது 'கோர்வை'. இதற்கு நாடாக்கள் மூன்று வேண்டும். நெசவாளருடன் துணையாளர் ஒருவரும் தறியில் இருப்பது மரபு. முந்தானைக்கு வேறு நிறப் பாவு இழைகளைப் பழைய பாவோடு இணைக்கும் முறை 'பேட்னி'. முன்னதை 'மாற்றுநிறக் கரை' என்று பெயர்த்தால் விளைபொருள் மட்டும் புலப்படும், செயல் மறையும். துணையாளரின் உழைப்பும் அதனோடு மறையும். எனவே தொழிற்சொல்லை அவ்வாறே எடுத்தாண்டு விளக்கம் தருவதே பொருந்தும்.

2003ஆம் ஆண்டு யுனெஸ்கோ உடன்படிக்கை மரபுக் கைவினைத்திறனைப் பண்பாட்டு மரபுரிமையாக ஏற்றதோடு, அம்மரபுரிமையைத் தாங்கிச் செல்லும் ஊர்தியாக மொழியையும் குறிப்பிடுகிறது. இந்நோக்கில், செயல்விளக்கம் பார்வையாளருக்குரிய காட்சியாக மட்டுமன்றி மொழிக் களப்பணிக்குரிய களமாகவும் அமைய வேண்டும். பத்ரிராஜு கிருஷ்ணமூர்த்தி தெலுங்குத் தொழிற்சொற்களை வேளாண்மை, கைத்தறி எனத் தொழில்வாரியாகத் தொகுத்து வெளியிட்ட முறை இதற்கு முன்மாதிரி. கைவினைஞர் கருவியை எடுக்கும்போதும் பிழையைத் திருத்தும்போதும் உடனிருப்பவரை ஏவும்போதும் இயல்பாகக் கூறும் சொற்கள், வினாநிரலுக்கு விடையாகக் கிடைப்பனவல்ல; தொழில் நிகழும்போதே கேட்டற்குரியன. தறி நின்றபின் தறியைக் காக்க இயலும். பாவு, ஊடை, விழுது என்னும் சொற்களையும் ஏட்டில் எழுதிவைக்க இயலும். அவற்றை எவ்விடத்தில் எவ்வாறு வழங்குவது என்னும் அறிவோ, அவற்றைக் கூறிக்கொண்டே நெய்பவரிடமே உள்ளது.