கூரத்துச் செப்பேடும் வீட்டு ஏரி வாரியமும்

கூரம் என்றால் பலருக்கும் கூரத்தாழ்வார் பிறந்த ஊர். நீர் வரலாற்றிலும் அதற்கு ஓர் இடம் உண்டு. 7ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆண்ட முதலாம் பரமேசுவரவர்மப் பல்லவனின் கூரம் செப்பேடு, பரமேசுவர தடாகம் என்ற ஏரியையும், பாலாற்றிலிருந்து அதற்கு நீர் கொண்டுவர வெட்டிய பெரும்பிடுகு கால்வாயையும் குறிப்பிடுகிறது.

வெட்டினால் மட்டும் போதாது. தூர் வார வேண்டும், கரை பார்க்க வேண்டும். அதற்கு ஆள் யார்? நம் மாவட்டத்து உத்திரமேரூரில் உள்ள 921ஆம் ஆண்டுக் கல்வெட்டு சொல்கிறது: குடவோலையில் தேர்ந்தெடுத்த 6 பேர் கொண்ட ஏரி வாரியம், ஓராண்டுப் பொறுப்பு.

இன்று மாடிதான் நம் நீர்ப்பிடிப்பு, குழாய் கால்வாய், உறிஞ்சுகுழி ஏரி. தமிழ்நாட்டில் 2003இல் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானது. குழி வெட்டியாயிற்று, பல வீடுகளில் அதற்குப் பிறகு யாரும் எட்டிப் பார்க்கவில்லை. குழாயில் சருகு, குழியில் மண். மழைநீர் தெருவில் ஓடுகிறது. கோடையில் மோட்டார் போட்டு ஆழத்திலிருந்து இழுக்கிறோம். மின்சாரச் செலவு வேறு.

ஐப்பசி மழைக்கு முன், புரட்டாசியிலேயே மாடியைப் பெருக்குங்கள். குழியிலுள்ள கூழாங்கல்லை எடுத்து அலசிப் போடுங்கள். வீட்டு ஏரி வாரியத்துக்குக் குடவோலை வேண்டாம். பேரப்பிள்ளைகளையும் கூட்டு சேர்த்துக்கொள்ளுங்கள்; அடுத்த ஆண்டுப் பொறுப்பு அவர்களுடையது.