குந்தாணி ராஜ்யம்

சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் ஓடும் லாரிகள் சூளகிரி மலையடியில் டீக்கடைக்கு நிற்கும், அவ்வளவுதான். இந்தப் பக்கம் ஒரு தலைநகர் இருந்தது என்றால் உள்ளூர்க்காரர்களிலேயே பலர் சிரிப்பார்கள். இருந்தது. 13ஆம் நூற்றாண்டின் கடைசியில், சூளகிரியிலிருந்து அதிகத் தொலைவில்லாத குந்தாணியில் வீரராமநாதன் என்ற போசள மன்னன் அரசு நடத்தினான்.

அவன் வந்து சேர்ந்த விதம் வேடிக்கையானது. போசளர் கன்னடத்துக்காரர்கள், துவாரசமுத்திரம் அவர்களின் தலைநகர். சேந்தமங்கலத்தில் காடவர் தலைவன் கோப்பெருஞ்சிங்கன் சிறைவைத்த மூன்றாம் ராஜராஜ சோழனை 1231 வாக்கில் போசள மன்னன் இரண்டாம் நரசிம்மனின் படை மீட்டது. உதவிக்கு வந்தவர்கள் ஊர் திரும்பவில்லை. அடுத்து வந்த சோமேசுவரன் திருவரங்கத்துக்கு அருகே கண்ணனூரில், இன்றைய சமயபுரத்தை ஒட்டி, நிலையாகவே தங்கிவிட்டான். 1254இல் நாடு இரண்டாயிற்று: துவாரசமுத்திரம் மூன்றாம் நரசிம்மனுக்கு, காவிரிக்கரைத் தமிழ்ப்பகுதி ராமநாதனுக்கு. இருவரும் சோமேசுவரனின் மகன்கள், தாய் வேறு.

ராமநாதனின் பங்கு செழிப்பானது, ஆனால் பாண்டியரின் கண்ணில் பட்ட பங்கு. 1279 வாக்கில் மாறவர்மன் குலசேகர பாண்டியன் ராமநாதனையும் மூன்றாம் ராஜேந்திர சோழனையும் வென்றான். சோழ வம்சத்தின் கதை அதோடு முடிந்தது. ராமநாதனோ மேட்டுநிலத்துக்கு ஏறி வந்து, குந்தாணியை மையமாக்கி, அண்ணன் தம்பிச் சண்டையைத் தொடங்கினான்.

வரலாற்று நூல்கள் இவனை இரண்டு வரியில் கடந்துவிடுகின்றன. அது நியாயமில்லை. நெல் விளையும் டெல்டாவை இழந்தவன், ராகியும் மாடும் மட்டுமே சொத்தான வறண்ட நாட்டை வைத்துக்கொண்டு சுமார் பதினைந்து ஆண்டுகள் தாக்குப்பிடித்தான். பெங்களூரு தொம்மலூரிலும் கோலார் வட்டாரத்திலும் தன் பெயரில் தமிழ்க் கல்வெட்டுகள் பொறிக்கும் அளவுக்குப் பரவவும் செய்தான். அவனுக்குக் கைகொடுத்தது ஓசூரைச் சுற்றிய முரசு நாடு. பூர்வாதராயர் போன்ற உள்ளூர்த் தலைவர்கள் அங்கே செல்வாக்கோடு இருந்தார்கள். குன்றுக்குக் குன்று காவல் கிடைக்கும் நிலம் அது. மாடு கவர்வதும் மீட்பதும் தலைமுறை தலைமுறையாக நடந்த ஊர்கள். அந்தச் சண்டைகளில் விழுந்தவர்களின் நடுகற்கள் இன்றும் கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களில் வயலோரம் நிற்கின்றன. சில ஊர்களில் வேடியப்பனாகப் பொங்கலும் படையலும் வாங்குகின்றன.

ஆள் கிடைத்தாலும் படைக்குக் கூலி வேண்டும். போரில் கிடந்த நாட்டில் கோயில் நிலங்களும் மடங்களின் நிலங்களும்கூட வரிக்குத் தப்பவில்லை.

ராமநாதன் 1295 வாக்கில் இறந்தான்.     குந்தாணிக்கு வெளிப்பகையும் வீட்டுப்பகையும் சேர்ந்தேதான் வந்தன.

ராமநாதனின் மகன் விசுவநாதன் அதிக நாள் ஆளவில்லை. நரசிம்மனின் மகன் மூன்றாம் வல்லாளன் இரு பங்கையும் ஒன்றாக்கினான். பிடித்த நாட்டை வைத்துக்கொள்ள அவன் செய்தது சாமர்த்தியமான வேலை. 1301இல் குந்தாணி ராஜ்யம், முரசு நாடு, விரிவி நாடு, குவளால நாடு, கைவார நாடு என்று பெயர் சொல்லி, அங்கிருந்த கோயில், மடத் தலைவர்களுக்கு ஓலை அனுப்பினான்: தேவதானம், திருவிடையாட்டம், மடப்புறம், பள்ளிச்சந்தம் ஆகிய நிலங்களில் இதுவரை தண்டிய வரிகள் நீக்கம்; அந்த வருமானம் பூசைக்கும் திருப்பணிக்கும் போகட்டும். சிவன் கோயிலுக்கும் பெருமாள் கோயிலுக்கும் சமணப் பள்ளிக்கும் ஒரே ஆணை. பங்காளியின் குடிகளை வசப்படுத்த இதைவிட மலிவான வழி இல்லை. ஒரு படையெடுப்பின் செலவை நினைத்தால் விட்டுக்கொடுத்த வரி பெரிதல்ல.

ஒன்றான நாட்டுக்குப் பத்தாண்டுதான் நிம்மதி. 1311இல் டெல்லித் தளபதி மாலிக் காபூரின் படை துவாரசமுத்திரத்தை வந்து தாக்கியது. வல்லாளன் பின்னாளில் திருவண்ணாமலையை இருப்பிடமாக்கி, மதுரை சுல்தான்களோடு மோதினான். ராமநாதன் இழந்த அதே கண்ணனூரை முற்றுகையிட்டபோது, 1342 வாக்கில், எண்பது வயதைத் தொட்ட கிழவனாகப் பிடிபட்டுக் கொல்லப்பட்டான். சில ஆண்டுகளில் போசள நாடு, குந்தாணி உட்பட, விஜயநகரத்தின் கைக்குப் போயிற்று.